மாநாடும் வேட்பாளரும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச அரசியல் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

அரசியற் கட்சியொன்றின் தேசிய மாநாடு என்றவுடன் பந்தலும் ஊர்வலமும் கொடியேற்றமும் நீண்ட தலைமையுரையுமே பெரும்பாலார் மனத்தில் தோன்றுவன. ஆயின் மாநாடு என்பது ஒரு விழா மாத்திரமன்று. ஒரு கட்சியின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது, அக்கட்சியின் பெயரால் ஒருவரை நாட்டின் அதியுயர் பதவிக்கு முன்னிறுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்னும் வினாக்களுக்கு விடை காணும் நிறுவனம் அது. சனாதிபதி ஆட்சிமுறை நிலவும் நாடுகளில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சி பல தொகுதிகளுக்குப் பலரை நிறுத்தலாம். ஊருக்கு ஒருவர், சமூகத்துக்கு ஒருவர் எனப் பங்கிடலாம். சனாதிபதித் தேர்தலில் நிறுத்தத்தக்கவர் ஒருவரே. எனவே அவரைத் தெரிவுசெய்யும் முறையே அக்கட்சியின் உள்ளார்ந்த சனநாயகத்தைப் பரிசோதிக்கும் உரைகல்லாகின்றது.

2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்ற இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பைச் சேர்ந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பாக்கியசெல்வம் அரியநேத்திரன் தமிழ்ப் பொதுவேட்பாளராகச் சங்குச் சின்னத்திற் போட்டியிட்டார். கிழக்கிலங்கைத் தமிழர் ஒருவர் இவ்வாறு முழுத் தமிழ் மக்களின் பெயராலும் முன்னிறுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் அவருடைய சொந்த மாவட்டத்திலே அவர் நான்காம் இடத்தையே பெற்றார். இம்முடிவை ஒருவரின் தோல்வியாகவோ ஒரு கொள்கையின் தோல்வியாகவோ மட்டும் நோக்குதல் போதாது. வேட்பாளரை நியமிக்கும் நிறுவனம் என்ற வகையில் மாநாடு தமிழர் அரசியலில் வகித்த பங்கு யாது, வகிக்கத் தவறிய பங்கு யாது என்பதனை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நியமன மாநாட்டின் தோற்றமும் வளர்ச்சியும்

சனாதிபதி வேட்பாளரை நியமிப்பதற்கெனத் தேசிய மாநாடு கூட்டும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றியது. அந்நாட்டுக் குடியரசின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கட்சியினதும் சட்டமன்ற உறுப்பினர் தம்முட் கூடி வேட்பாளரைத் தீர்மானித்தனர். 1824ஆம் ஆண்டுத் தேர்தலோடு இம்முறை மதிப்பிழந்தது. 1831 செப்டெம்பரில் மேசன் எதிர்ப்புக் கட்சி என்னும் சிறிய கட்சி பால்ட்டிமோர் நகரிலே முதலாவது தேசிய நியமன மாநாட்டைக் கூட்டியது. மறு ஆண்டு சனநாயகக் கட்சியும் அதே நகரில் மாநாடு கூட்டி, பேராளருள் மூன்றில் இரு பங்கினரது ஆதரவு பெற்றவரே வேட்பாளராகலாம் என விதித்தது. இவ்விதி 1936 வரை நிலைத்திருந்தது. 1924இல் நியூயோர்க் மாநாட்டிலே 103 முறை வாக்கெடுத்த பின்னரே ஒரு வேட்பாளர் தெரிவானமை, இவ்விதி எத்துணை இழுபறிக்கு இடமளித்தது என்பதற்குச் சான்றாகும்.

மாநாடு மேலிடத்துச் சிலரின் பிடியிலிருந்து தெரிவுரிமையைப் பேராளரிடம் மாற்றியது என்பது உண்மையே. ஆனாற் பேராளர் யார் என்னும் வினா உடனடியாக எழுந்தது. 1964இல் அட்லாண்டிக் நகரில் நடைபெற்ற சனநாயகக் கட்சி மாநாட்டில் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வெள்ளையர் மாத்திரமே அடங்கிய பேராளர் குழு வந்தது. வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் தமக்கெனச் சுதந்திர சனநாயகக் கட்சியை அமைத்து, ஃபனி லூ ஹேமர் முதலியோரைப் பேராளராக அனுப்பினர். அவர்களுக்கு இரண்டு ஆசனங்கள் மட்டும் தரப்படும் எனக் கூறப்பட்டபோது அவர்கள் அதனை மறுத்தனர். 1968இல் ஹூபேர்ட் ஹம்ஃபிறி முதனிலைத் தேர்தல் எதிலும் போட்டியிடாமலே சிக்காகோ மாநாட்டில் வேட்பாளரானார். வீதியில் எழுந்த எதிர்ப்பும் மண்டபத்தினுள் எழுந்த எதிர்ப்பும் பேராளர் தெரிவு விதிகளையே மாற்றியமைக்கக் காரணமாயின. அதன்பின் கட்சி வாக்காளர் பங்குகொள்ளும் முதனிலைத் தேர்தல்களே வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன. மாநாடு பெரும்பாலும் அம்முடிவை அறிவிக்கும் மேடையாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. மாநாடு நடைபெறுவது மட்டும் சனநாயகமாகாது. மாநாட்டுக்கு வருபவர் யாருடைய ஆணையைப் பெற்று வருகின்றனர், வந்தோரின் முடிவு வராதோரைக் கட்டுப்படுத்துமா என்பனவே அடிப்படை வினாக்கள்.

2. இலங்கையின் சட்டமும் பெருங்கட்சிகளின் நடைமுறையும்

இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 31ஆம் உறுப்புரையும் 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சனாதிபதித் தேர்தல்கள் சட்டமும் நியமன முறையை வகுத்துள்ளன. அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்று தகுதியுள்ள எந்தப் பிரசையையும் நியமிக்கலாம். சட்டமன்ற உறுப்பினராய் இருக்கும் அல்லது இருந்த ஒருவரை வேறெந்தக் கட்சியேனும், ஏன், வாக்காளர் இடாப்பிற் பெயருள்ள ஒரு தனி வாக்காளரேனும் நியமிக்கலாம். கட்டுப்பணம் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு 50,000 ரூபாவும் ஏனையோருக்கு 75,000 ரூபாவும் ஆகும். கட்சியின் மாநாடு கூடவேண்டும், பேராளர் வாக்களிக்கவேண்டும் என இச்சட்டம் எங்கும் கூறவில்லை. சட்டத்தின் பார்வையிற் கட்சி என்பது அதன் செயலாளரின் கையொப்பமே.

எனவே பெருங்கட்சிகளின் மாநாடுகள், முன்னரே எடுக்கப்பட்ட முடிவை ஆரவாரத்துடன் ஏற்றுக்கொள்ளும் கூட்டங்களாகவே அமைந்தன. 2019 ஆகஸ்ட் 11ஆந் திகதி கொழும்பிற் கூடிய பொதுசன பெரமுன மாநாட்டிலே கோட்டாபய ராஜபக்ஷவின் பெயர் அறிவிக்கப்பட்டது. அங்கு போட்டி இருக்கவில்லை. அதே ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சியினுள் நீண்ட இழுபறி நிகழ்ந்த பின், செப்டெம்பர் இறுதியிற் செயற்குழு சஜித் பிரேமதாசவை ஏற்றது; ஒக்டோபர் 3ஆந் திகதி கூடிய விசேட மாநாடு அதனை உறுதிப்படுத்தியது. 2024இல் ஆட்சியிலிருந்த சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சுயேச்சை வேட்பாளராகவே போட்டியிட்டார். நாட்டின் அதியுயர் பதவிக்குரிய தெரிவு கட்சியின் சாதாரண அங்கத்தவர் கைக்கு எட்டாத இடத்திலேயே நிகழ்கின்றது எனலாம்.

3. தமிழர் அரசியலின் மாநாட்டு மரபு

தமிழ்க் கட்சிகளின் மாநாட்டு மரபு இதனின்றும் வேறுபட்டது. அது நியமன மாநாட்டு மரபன்று. தீர்மான மாநாட்டு மரபு. 1949 டிசெம்பரில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி 1951 ஏப்பிரலிலே திருகோணமலையில் தன் முதலாவது தேசிய மாநாட்டை நடத்திற்று. தனிச் சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து 1956 ஆகஸ்டில் மீண்டும் திருகோணமலையிற் கூடிய மாநாடு, கோரிக்கைகள் ஓராண்டிற்குள் நிறைவேறாவிடின் அறப்போர் தொடங்குவதென முடிவுசெய்தது. 1976 மே 14ஆந் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதியிற் பண்ணாகத்திற் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இம்மாநாடுகள் ‘யார்’ என்னும் வினாவுக்கன்றி ‘எது’ என்னும் வினாவுக்கே விடை கூறின. கட்சியின் இலட்சியம் மாநாட்டிலே வகுக்கப்பட்டது. வேட்பாளர் தெரிவோ தலைமையின் பொறுப்பில் விடப்பட்டது.

இம்மரபில் மட்டக்களப்புக்குச் சிறப்பான இடமுண்டு. 1957 ஜூலை 26ஆந் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதனை ஏற்பதா, ஆகஸ்டில் நடைபெறவிருந்த அறப்போரைக் கைவிடுவதா என்பதனை முடிவுசெய்ய அம்மாத இறுதியிலே கட்சியின் விசேட மாநாடு மட்டக்களப்பிற் கூடிற்று. தலைவர் செய்த உடன்பாடொன்று பேராளரது சம்மதத்துக்காக அவர்முன் வைக்கப்பட்டது என்பதே இதன் முக்கியத்துவம். ஒப்பந்தம் 1958 ஏப்பிரலில் ஒருதலைப்பட்சமாகக் கைவிடப்பட்டபோதும், ‘எமது சம்மதம் பெறப்பட்டது’ என்னும் உணர்வு கட்சிக்கும் கிழக்கு மக்களுக்குமிடையே ஒரு பிணைப்பாக நிலைத்தது. 1960களில் பட்டிருப்புத் தொகுதியின் எஸ். எம். இராசமாணிக்கம் கட்சித் தலைவராக விளங்கியமையும் இப்பிணைப்பின் வெளிப்பாடாகும். போர் முடிந்த பின் 2012 மே மாத இறுதியிலே கட்சியின் 14ஆவது தேசிய மாநாடு மீண்டும் மட்டக்களப்பிலேயே கூடியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாகிய மட்டக்களப்புக்கு யாரை நிறுத்துவது என்பதிற் கூட்டணியின் தலைமை ஒரு முடிவுக்கு வர இயலாது தடுமாறியது. 1956 முதல் தொகுதியைப் பிரதிநிதித்துவஞ் செய்த செ. இராசதுரை கூட்டணியின் சின்னத்திலும், கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் சின்னத்திலும் ஒருங்கே நிறுத்தப்பட்டனர். இராசதுரையும் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெவ்வையும் வெற்றிபெற, காசி ஆனந்தன் தோல்வியுற்றார். இரு சாராரதும் மனக்கசப்பு தீரவில்லை. 1979இல் இராசதுரை ஆளுங்கட்சியிற் சேர்ந்தார். வேட்பாளர் தெரிவைத் தீர்த்துவைக்கும் பொதுவான நிறுவனமொன்று இல்லாதவிடத்துப் பிணக்கு வாக்குச்சாவடிக்கே கொண்டுசெல்லப்படும் என்பதையும், அதன் விலையைத் தொகுதி மக்களே செலுத்தவேண்டியிருக்கும் என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

4. வாவிப் பிரதேசத்தின் பிரதிநிதித்துவ வழக்குகள்

மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கிழக்கே கடலுக்கும் வாவிக்குமிடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் நகரமும் சந்தைகளும் அரச அலுவலகங்களும் நெருங்கிய தமிழ், முஸ்லிம் ஊர்களும் உள்ளன. மேற்கே படுவான்கரையில் வயல்வெளிகளும் குளங்களும் சிதறிய விவசாயக் கிராமங்களும் உள்ளன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் அவ்விடத்தில் ஓடத்தை நம்பியே மறுகரை சேர்ந்தனர். குருமண்வெளிக்கும் மண்டூருக்குமிடையே ‘பாதை’ என மக்கள் வழங்கும் மிதவையே போக்குவரத்துக்கு உதவியது. நகர மண்டபத்திற் கூடும் கூட்டத்துக்கு எழுவான்கரையார் நடந்து வரலாம்; படுவான்கரை விவசாயி ஒரு நாள் வேலையை விட்டே வரவேண்டும். அரசியற் பங்குபற்றலுக்கும் உற்பத்திச் சூழலுக்குமுள்ள தொடர்பை இது காட்டுகின்றது. வேளாண்மை வெட்டுக் காலத்திலே கூட்டப்படும் மாநாட்டுக்கு வருவோர் யார், வராதோர் யார் என்பது தற்செயலான செய்தியன்று.

பிரதிநிதி என்னும் கருத்து இப்பிரதேச மக்களுக்குப் புதியதும் அன்று. தாய்வழிக் குடிமுறை நிலவிய இங்கு, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் முதலான பெருங்கோயில்களின் பரிபாலனத்திற் குடிகளின் சார்பில் வண்ணக்கர் பொறுப்பு வகித்தனர். முஸ்லிம் ஊர்களிலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் ஒருவர் இருந்தார். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் குடிமரபு பற்றிய செய்திகளைத் தருவன. வயற்புறத்தில் நீர்ப்பங்கீட்டையும் வேலி, வாய்க்கால் வேலைகளையும் கவனிக்க வட்டவிதானைமார் இருந்தனர். போகத்தின் தொடக்கத்திற் கூடும் விவசாயிகளின் கூட்டத்திலே விதைப்புத் திகதியும் நீர்விடும் திகதியும் முடிவுசெய்யப்படுதல் வழக்கம்.

இவற்றைப் பழம்பெருமையாகப் போற்றுவது நமது நோக்கமன்று. குடிப் பிரதிநிதித்துவம் நிலவுடைமையோடும் சாதிப் படிநிலையோடும் பின்னிப் பிணைந்தது. தாய்வழியே சொத்தும் குடியும் இறங்கினாலும் வண்ணக்கராகவும் மரைக்காயராகவும் அமர்ந்தோர் ஆண்களே. கூலிக்கு வயல் செய்தோரின் குரல் அங்கு ஒலிக்கவில்லை. எனினும் ஒரு பண்பு கருதத்தக்கது. வண்ணக்கர் எந்தக் குடியின் சார்பிற் பேசுகின்றார் என்பது எல்லார்க்கும் தெரியும். அவர் ஒப்புக்கொண்டதை அவர் குடி ஏற்கவேண்டும். குடி ஏற்காததை அவர் ஒப்புக்கொள்ள முடியாது. ஆணையும் பொறுப்பும் கண்ணுக்குத் தெரியும்படி இணைந்திருந்தன. நவீன கட்சிகளின் பேராளர் முறை சமத்துவத்தை ஏட்டிற் கொண்டுவந்தபோதும், இவ்விணைப்பை நடைமுறையிற் கொண்டுவந்தது எனக் கூறுதல் கடினம்.

இப்பிரதேசத்தின் பன்மைத்தன்மையும் இங்கு நினைக்கப்பட வேண்டும். 1956 தேர்தலிற் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் சார்பிலே முஸ்லிம் வேட்பாளர் வெற்றிபெற்றனர். பின்னர் அவர்கள் கட்சியை விட்டு விலகினர். 1981இல் காத்தான்குடியிலே தொடங்கப்பட்ட முஸ்லிம் காங்கிரஸ் 1986இல் அரசியற் கட்சியாக உருவெடுத்தது. 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்தோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தவர் அரச படையினராற் கொல்லப்பட்டனர். இரு சமூகங்களும் தத்தம் இழப்பை மறவாது அருகருகே வாழும் மண் இது. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று மாநாட்டு மேடையிற் கூறுவது எளிது. அச்சொல்லுக்குள் அடங்குவதாகக் கூறப்படுவோர் மண்டபத்தினுள் இருந்தனரா என்பதே வினா. 2019 சனாதிபதித் தேர்தலிற் காத்தான்குடியைச் சேர்ந்த எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லாஹ் தனித்துப் போட்டியிட்டு நாடளாவிய வகையில் 38,814 வாக்குகளைப் பெற்றமை, இவ்வாவிக்கரையில் இரு சமூகங்களும் தத்தம் வேட்பாளரைத் தனித்தனியே தேடிய நிலையைப் புலப்படுத்துகின்றது.

5. 1982உம் 2024உம்: ஓர் ஒப்பீடு

சனாதிபதித் தேர்தலில் முழுநாடும் ஒரே தொகுதி. எண்ணிக்கையிற் சிறிய தேசிய இனமொன்று தன் வேட்பாளரை வெற்றிபெறச் செய்ய இயலாது. ஆகவே அதன்முன் உள்ள வழிகள் மூன்று: பெருங்கட்சி வேட்பாளர் ஒருவரை ஆதரித்தல், தேர்தலைப் புறக்கணித்தல், தன் வேட்பாளரை நிறுத்தித் தன் நிலைப்பாட்டைப் பதிவுசெய்தல். மட்டக்களப்பு மக்கள் இம்மூன்றையும் அனுபவித்துள்ளனர். 2005இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்பு நூற்றுக்கு இரண்டையும் எட்டாதபோது மட்டக்களப்பில் ஏறத்தாழப் பாதியளவினர் வாக்களித்தனர். 2010, 2015, 2019 தேர்தல்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரித்த வேட்பாளரே இம்மாவட்டத்திற் பெரும்பான்மை பெற்றனர். 2015இல் மைத்திரிபால சிறிசேன நூற்றுக்கு 81 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

மூன்றாம் வழி முதன்முதலில் 1982 ஒக்டோபர் 20ஆந் திகதித் தேர்தலிலே பரிசோதிக்கப்பட்டது. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டார். தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவும் இல்லை. பிறரை ஆதரிக்கவும் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஜே. ஆர். ஜயவர்த்தன 48,094 வாக்குகளும் குமார் பொன்னம்பலம் 47,095 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு ஆயிரத்துக்கும் குறைவு. செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 39 வீதம் தமிழ் வேட்பாளருக்குக் கிடைத்தது.

2024இல் நிலைமை வேறாயிற்று. தமிழ்க் கட்சிகள் சிலவும் தமிழ் மக்கள் பொதுச்சபை என்னும் சிவில் அமைப்பும் இணைந்து ஜூலையில் ஓர் உடன்படிக்கை செய்தன. ஆகஸ்ட் 8ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் அரியநேத்திரனின் பெயர் அறிவிக்கப்பட்டது. அவர் தமிழரசுக் கட்சியின் உறுப்பினர். ஆனால் அக்கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் 1ஆந் திகதி வவுனியாவிற் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்றும் அரியநேத்திரன் விலகவேண்டும் என்றும் தீர்மானித்தது. கட்சியின் தலைவராகத் தெரிவாகியிருந்த சி. சிறீதரனோ பொதுவேட்பாளரை ஆதரித்தார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி புறக்கணிப்பைக் கோரியது. மேற்கூறிய மூன்று வழிகளும் ஒரே காலத்தில் மூன்று தரப்பினரால் முன்வைக்கப்பட்டன.

மட்டக்களப்பு மாவட்டத்தின் முடிவு வருமாறு: சஜித் பிரேமதாச 139,110, ரணில் விக்கிரமசிங்க 91,132, அநுர குமார திசாநாயக்க 38,832, அரியநேத்திரன் 36,905. யாழ்ப்பாணத்தில் அரியநேத்திரன் 116,688 வாக்குகளைப் பெற்றார். நாடு முழுவதிலும் அவர் பெற்றவை 226,343. கொழும்பில் வாழ்ந்த ஒருவர் 1982இல் மட்டக்களப்பிற் பெற்ற வாக்குகளிலும் குறைவான வாக்குகளையே, வாக்காளர் தொகை பன்மடங்கு பெருகிய 2024இல் மட்டக்களப்பு மைந்தர் பெற்றார். அவரது பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டையும் எட்டவில்லை.

இதனை மட்டக்களப்புத் தமிழர் தம் அரசியல் வேட்கையை இழந்தமையின் அடையாளமெனக் கொள்வது தவறாகும். அதே ஆண்டு நவம்பர்ப் பொதுத்தேர்தலில் நாட்டின் 22 மாவட்டங்களுள் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றபோது, மட்டக்களப்பு மாத்திரமே தமிழரசுக் கட்சியை முதலிடத்தில் வைத்தது. ஐந்து ஆசனங்களுள் மூன்று அக்கட்சிக்குக் கிடைத்தன. ஆகவே இங்கு தளர்ந்தது இனத்துவ அரசியல் உணர்வன்று. 1982இல் பிரதான தமிழ்க் கட்சி களத்தை வெறுமையாக விட்டிருந்தது. வாக்காளர் தம் கட்சிக்கு எதிராகச் செல்லாமலே தமிழ் வேட்பாளரை ஆதரிக்க முடிந்தது. 2024இற் கிராமந்தோறும் கிளை கொண்ட கட்சியின் அமைப்பு வேறொருவருக்காக இயங்கியது. ஊரறிந்த கட்சித் தொண்டரின் சொல்லுக்கும், யாழ்ப்பாணத்தில் வெளியான அறிக்கைக்கும் இடையே தெரிவுசெய்யும்படி வாக்காளர் விடப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் தாம் அறிந்த அமைப்பையே பின்பற்றினர் என்று கொள்ள இடமுண்டு. வேட்பாளரின் பிறப்பிடம் அவருக்கு ஓர் அமைப்பைத் தந்துவிடுவதில்லை.

6. கூடாத மாநாடு

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியை இணைத்து நோக்குதல் வேண்டும். 2024 ஜனவரி 21ஆந் திகதி தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை திருகோணமலையிற் கூடி, இரகசிய வாக்கெடுப்பு மூலம் தலைவரைத் தெரிவுசெய்தது. சிறீதரன் 184 வாக்குகளும் எம். ஏ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். மட்டக்களப்பைச் சேர்ந்த சீ. யோகேஸ்வரன் போட்டியிலிருந்து முன்னரே விலகியிருந்தார். தமிழ்க் கட்சியொன்றில் இத்தகைய வெளிப்படையான போட்டி ஓர் அரிய நற்சகுனமாகத் தோன்றியது. ஆயின் ஒரு வாரத்துக்குள் பொதுச் செயலாளர் பதவி பற்றிய பிணக்கு எழுந்தது. அப்பதவி மட்டக்களப்புக்கு உரியதா, திருகோணமலைக்கு உரியதா என்னும் பிரதேசக் கேள்வியும் அதனுட் பொதிந்திருந்தது. நடைபெறவிருந்த தேசிய மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. பெப்ரவரியில் விடயம் நீதிமன்றத்தை அடைந்து, மாநாட்டுக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று இந்திய வரலாற்றிலுண்டு. 1939 ஜனவரியிற் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்று, 1,377 வாக்குகள் பெற்ற பட்டாபி சீதாராமையாவை வென்று காங்கிரசுத் தலைவரானார். திரிபுரி மாநாட்டிலே செயற்குழு அமைக்கும் அவருடைய சுதந்திரம் தீர்மானமொன்றினாற் கட்டுப்படுத்தப்பட்டது. ஏப்பிரலில் அவர் பதவி துறந்தார். ஆனால் அங்கு மோதலாயினும் மாநாட்டினுள்ளே நிகழ்ந்தது. பேராளர் அதனைக் கண்டனர், வாக்களித்தனர். இங்கோ மாநாடே கூடவில்லை. சனாதிபதித் தேர்தல் வந்த ஆண்டில், கிளைகளிலிருந்து வந்த பேராளர் கூடி நிலைப்பாட்டை முடிவுசெய்யக்கூடிய ஒரேயொரு அரங்கு பூட்டப்பட்டுக் கிடந்தது. பொதுவேட்பாளரை நிறுத்தியோருக்கும் அத்தகைய அரங்கு இருக்கவில்லை. மத்திய குழுவின் முடிவுக்கும் மாநாட்டின் ஒப்புதல் இருக்கவில்லை. இரு தரப்பினரும் மக்களின் பெயராற் பேசினர். மக்களின் பேராளரை எவரும் கேட்கவில்லை.

7. விருப்புவாக்கும் பேரம்பேசலும்

பொதுவேட்பாளர் கருத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்களுள் ஒன்று இரண்டாம் விருப்புவாக்கு பற்றியது. இலங்கை முறையில் வாக்காளர் மூவரை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். எவரும் அரைவாசிக்கு மேற் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் வாக்குச்சீட்டுகளில் அவ்விருவருக்கும் அளிக்கப்பட்ட விருப்புகள் கூட்டப்படும். ஆகவே தமிழ் வேட்பாளருக்கு முதல் விருப்பை அளித்து, இரண்டாம் விருப்பைப் பேரம்பேசும் கருவியாக்கலாம் என்பது வாதம்.

2024இலே முதன்முறையாக இவ்வெண்ணல் நடைபெற்றது. அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளிலிருந்து 5,740,179 வாக்குகளுக்கும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளிலிருந்து 4,530,902 வாக்குகளுக்கும் உயர்ந்தனர். இருவருக்கும் கூடுதலாகச் சேர்ந்தவை 273,131 மாத்திரமே. ஏனைய வேட்பாளர் அனைவரும் பெற்ற 33 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு ஒப்பிடின் இது நூற்றுக்கு எட்டளவே. அதாவது வாக்காளர் பெரும்பாலும் ஒருவருக்கே அடையாளமிட்டனர், அல்லது இறுதி இருவருள் எவரையும் விரும்பவில்லை. விருப்புவாக்கு பேரம்பேசும் கருவியாக வேண்டுமாயின், இலட்சக்கணக்கானோர் ஒரே ஒழுங்கில் அடையாளமிடும்படி செய்யக்கூடிய, கிராமமட்டம் வரை இறங்கிய அமைப்பும், அவ்வமைப்புக்கு மக்கள் முன்கூட்டியே அளித்த சம்மதமும் வேண்டும். இவ்விரண்டையும் உருவாக்கத்தக்க இடம் மாநாடே. எண்கணிதம் தானாக அரசியலாவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, தமிழர் அரசியலின் மாநாடுகள் இலட்சியங்களை வகுப்பதில் வெற்றிகண்டன. ஆட்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பை ஏற்கவில்லை. 1977இன் மட்டக்களப்புப் பிணக்கும் 2024இன் பிளவும் இக்குறையின் இருவேறு வெளிப்பாடுகள். இரண்டாவதாக, கிழக்குக்கு இடமளித்தல் என்பது கிழக்கிலிருந்து ஒருவரின் பெயரைத் தெரிவதோடு முடிவதன்று. தெரிவுசெய்யும் இடத்திற் கிழக்கின் பேராளர் இருத்தல் வேண்டும். பெயர் இங்கிருந்து, முடிவு அங்கிருந்து என்னும் நிலை நீடிக்குமாயின், பிரதேச உணர்வு தணிவதற்குப் பதிலாக வளரவே செய்யும். மூன்றாவதாக, ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் தொடர் பொருளுள்ளதாக வேண்டுமெனின், வாவியின் இரு கரையிலுமுள்ள விவசாயியும் மீனவரும், பெண்களும், ஒடுக்கப்பட்ட சாதியினரும், அயலூர் முஸ்லிம் மக்களும் எந்த அளவுக்கு அந்த அரங்கினுட் புகமுடியும் என்பது கேட்கப்படவேண்டும். மிசிசிப்பி மக்கள் இரண்டு ஆசனங்களை மறுத்தது ஆசனம் குறைந்தமைக்காக மட்டுமன்று. தம்மைக் கேளாது தமக்கென ஒதுக்கப்பட்டமைக்காகவுமே.

1957இல் மட்டக்களப்பிற் கூடிய பேராளர் முன்னிலையில், செய்து முடித்த ஒப்பந்தமொன்றைத் தலைவர்கள் விளக்கிச் சம்மதங் கோரினர். அன்று வாவியைக் கடக்கப் பாலங்கள் குறைவு. செய்தி செல்ல வழிகளும் குறைவு. இன்று அவ்விடர்கள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. சனாதிபதி வேட்பாளர் பற்றிய அடுத்த முடிவு எதுவாயினும், ஆதரவோ புறக்கணிப்போ தனிவேட்பாளரோ, அது கிளைகளிற் பேசப்பட்டு, பேராளரால் வாக்களிக்கப்பட்டு, தோற்றவரும் கட்டுப்படும் முடிவாக அமையுமாயின், அதன் பயன் வாக்கு எண்ணிக்கையை மட்டும் பொறுத்திராது. தம்மைக் கேட்டு எடுக்கப்பட்ட முடிவுக்காக மக்கள் தோல்வியையும் தாங்குவர். கேளாது எடுக்கப்பட்ட முடிவுக்கு வெற்றியிலும் அவர்கள் பொறுப்பேற்பதில்லை.